யார் பக்கம் நிற்பது? சபைப் பொருளாளர் ஒருவரின் கேள்விக்குப் பதில்

கடிதம் நீளமானது. ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

எழுதியவர் பள்ளி ஆசிரியர், ஐம்பதை நெருங்குபவர். ஊரில் உள்ள ஒரு சுயாதீன சபையில் பல வருடங்களாகப் பொருளாளர். சபையைத் தொடங்கிய மூத்த போதகர்தான் இவரைக் குடியிலிருந்து மீட்டவர், கல்யாணம் பேசி முடித்தவர், மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர். இப்போது அவர் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். பேச்சு குழறுகிறது, நினைவு தெளிவாகவே இருக்கிறது. தனக்குப் பின் யார் என்று இதுவரை வாய் திறந்து சொல்லவில்லை. மூத்த மகன் ஒரு பக்கம், இருபது வருடம் கூட உழைத்த உதவிப் போதகர் இன்னொரு பக்கம். மகன் மினிட்ஸ் புத்தகத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார். நடக்காத ஒரு கமிட்டிக் கூட்டத்தில் தன்னை ஏகமனதாகத் தலைமைப் போதகராகவும் சங்கத் தலைவராகவும் தேர்ந்தெடுத்ததாக அதில் எழுதியிருக்கிறது. அந்தத் தேதியில் நம் வாசகர் தேர்வுப் பணிக்காக வேறு ஊரில் இருந்திருக்கிறார். உதவிப் போதகரோ, கணக்குப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள், நாற்பது குடும்பம் வரும், தனியாகத் தொடங்கலாம் என்கிறார். அதுவரை உள்ளே இருந்தபடியே மகன் தரப்பில் நடப்பதைத் தெரிவித்துக்கொண்டிருக்கவும் கேட்கிறார்.

வாசகர் கேட்பது இது: தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா மேல் தாவீது கை போடவில்லையே, அப்படியானால் நான் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பதுதானே சரி? அல்லது சவுலின் மகன் யோனத்தான் அப்பாவை விட்டு நண்பன் தாவீதோடு போனது போல நானும் போகலாமா? அதுவும் இல்லையென்றால், தாவீதுக்கு எதிராகக் கலகம் செய்த அவன் மகன் அப்சலோமின் அரண்மனையில் தாவீதின் நண்பன் ஊசாய் இருந்த மாதிரி இருந்து தகவல் சொல்வதில் தவறு உண்டா? மூத்தவருக்குச் செஞ்சோற்றுக் கடன் தீர்க்க வேண்டாமா?

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் வசனங்கள் நிறைய இருக்கின்றன, ஆனால் ஒன்றும் நீங்களாகத் தேடி எடுத்தது மாதிரித் தெரியவில்லை. மகன் சங்கீதம் 105:15ஐ (கர்த்தர் அபிஷேகம் பண்ணினவர்களை, அதாவது அவர் தமக்கென்று தெரிந்துகொண்டவர்களைத் தொடாதேயுங்கள் என்ற வசனம்) விடியற்காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், உதவிப் போதகர் ஜெபக் கூட்டத்தில் யோனத்தானைப் பற்றிப் பேசிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறார். ஆகவே அந்தப் புத்தகங்களையே கொஞ்சம் நிதானமாகத் திறந்து பார்ப்போம். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கையெழுத்துப் போடாதீர்கள், கணக்குப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், உளவும் சொல்லாதீர்கள். காரணம் தெரியாமல் வெறுமனே "மாட்டேன்" என்று சொன்னீர்களானால் இரண்டாம் தடவை கேட்கும்போது இளகிவிடுவீர்கள் (கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது, நீங்கள் இளகிய மனசுக்காரர்), அதனால் காரணத்தையும் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த வசனம் யாருக்குச் சொன்னது

அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே என்பது நம் சபைகளில் பெரும்பாலும், போதகரைக் கேள்வி கேட்காதே என்றே காதில் விழுகிறது. 105ஆம் சங்கீதத்தை 12ஆம் வசனத்திலிருந்து படித்துப் பாருங்கள். அங்கே பேசப்படுகிறவர்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. எண்ணிக்கையில் கொஞ்சம் பேர், பரதேசிகள், ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்காகக் கர்த்தர் ராஜாக்களைக் கடிந்துகொண்டார் என்கிறது 14ஆம் வசனம், அடுத்த வரியில்தான் தொடாதேயுங்கள் என்ற கட்டளை வருகிறது. ஆபிரகாமின் மனைவியை எகிப்தின் பார்வோனும் கேராரின் அபிமெலேக்கும் அழைத்துக்கொண்டுபோன சம்பவங்கள் உங்களுக்குத் தெரியும். அதிகாரம் உள்ளவனைப் பார்த்து, அதிகாரம் இல்லாதவன் மேல் கை வைக்காதே என்று சொன்ன வசனம் அது. அதை அதிகாரத்துக்கு வரத் துடிப்பவர் எடுத்து, கணக்கு எழுதும் ஒரு வாத்தியாருக்கு அனுப்புவது தலைகீழ்.

சரி, தாவீது சவுல் விஷயம் வேறு இடம், 1 சாமுவேல் 24ம் 26ம். கர்த்தர் அபிஷேகம் பண்ணினவர் மேல் கை போடமாட்டேன் என்று தாவீது சொன்னது உண்மை. ஆனால் கை போடாதவன் அதற்குப் பதிலாக என்னவெல்லாம் செய்தான்? 3000 பேரோடு தன்னைத் தேடி வந்த சவுல் என்கேதிக் குகைக்குள் தனியாக வந்தபோது, அவனுடைய சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டான். அதற்கே அவன் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் அத்தோடு வாயை மூடிக்கொண்டு குகைக்குள் உட்காரவில்லை. பின்னாலேயே வெளியே வந்து, தரைமட்டும் குனிந்து வணங்கி, ராஜாவே என்று மரியாதையாகவே கூப்பிட்டு, அறுத்த துணியைத் தூக்கிக் காட்டி, நான் உமக்கு என்ன துரோகம் செய்தேன், ஏன் என் உயிரை வேட்டையாடுகிறீர், கர்த்தர் நமக்கு நடுவே நியாயம் தீர்க்கட்டும் என்று நேருக்கு நேர் கேட்டான். சவுல் சத்தமிட்டு அழுதான், நீ என்னைவிட நீதிமான் என்றான். அப்புறம் வருகிற வரியைத்தான் பிரசங்கங்களில் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். சவுல் தன் வீட்டுக்குப் போனான், தாவீதும் அவன் ஆட்களும் அரணான இடத்துக்கு ஏறிப் போனார்கள். அழுகையை நம்பி அரண்மனைக்குத் திரும்பவில்லை. 26ஆம் அதிகாரத்தில் "திரும்பி வா" என்று சவுலே கூப்பிட்டபோதும், எடுத்து வைத்திருந்த ஈட்டியைத் திருப்பிக் கொடுத்தான், தன்னைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆக, தாவீதைப் பின்பற்றுவது என்றால் பொய் மினிட்ஸில் கையெழுத்துப் போடுவது என்று அர்த்தம் எடுக்க வேதத்தில் இடமே இல்லை.

எப்படிக் கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்

1 சாமுவேல் 22ஐ ஒரு தடவை உரக்கப் படியுங்கள், இன்று எந்தக் கமிட்டிக் கூட்டத்திலும் கேட்கக்கூடிய பேச்சு அது. கிபியாவில் சவுல் உட்கார்ந்திருக்கிறான், கையில் ஈட்டி, சுற்றிலும் நிற்பவர்கள் அவனுடைய சொந்தக் கோத்திரமான பென்யமீன்காரர்கள். ஈசாயின் மகன் (தாவீதைத்தான் சொல்கிறான்) உங்களுக்கு வயலும் திராட்சத்தோட்டமும் கொடுப்பானா, உங்களைத் தலைவர்கள் ஆக்குவானா என்று தொடங்குகிறான். அப்புறம், நீங்கள் எல்லோரும் சேர்ந்து எனக்கு எதிராகச் சதி செய்கிறீர்கள் என்கிறான். கடைசியில், எனக்காக வருத்தப்பட உங்களில் ஒருவன்கூட இல்லையே என்கிறான். முதலில் ஆசை காட்டுவது, அப்புறம் சந்தேகப்படுவது, கடைசியில் கண்ணைக் கசக்குவது. அந்தப் பேச்சுக்கு மசிந்து வாய் திறந்தவன் ஏதோமியனாகிய தோவேக்கு ஒருவன்தான். தாவீதுக்கு அங்கே உதவி கிடைத்தது என்று அவன் போட்டுக்கொடுத்ததால் நோபு ஊரின் ஆசாரியர்கள் 85 பேர் ஒரே நாளில் செத்தார்கள், கொன்றவனும் அவனே.

அதற்குச் சற்று முன்பு நடந்த ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. ஆசாரியர்களை வெட்டுங்கள் என்று ராஜா முதலில் தன் பக்கத்தில் நின்ற சேவகர்களுக்குத்தான் சொன்னான். அவர்கள் கையை நீட்டச் சம்மதிக்கவில்லை. கலகம் செய்யவில்லை, ராஜாவின் ஈட்டியைப் பிடுங்கவில்லை, தாவீதிடம் ஓடவும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்றார்கள், கை மட்டும் நீளவில்லை. வேதம் அவர்களை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியாது. உங்கள் வேலை இப்போதைக்கு அவர்களுடைய வேலைதான்.

இதற்கு எதிர்ப்பக்கத்தை 2 சாமுவேல் 15இல் பார்க்கலாம். அப்சலோம் எபிரோனில் தன்னை ராஜாவாக்கிக்கொண்டான், தாவீது எருசலேமை விட்டு நடந்து போகிறான். காத் ஊரிலிருந்து வந்த 600 பேர் கூட வருகிறார்கள், அவர்களோடு காத் ஊரானாகிய ஈத்தாய். ஒவ்வொரு ஆளும் தேவைப்படுகிற நேரம். தாவீது அவனிடம் சொல்கிறான்: நீ அந்நிய தேசத்தான், நேற்றுத்தான் வந்தாய், நானே எங்கே போகிறேன் என்று தெரியாமல் போகிறேன், உன்னை எதற்கு அலைய வைக்க வேண்டும், உன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போ. ஈத்தாய் போகவில்லை; சாவோ வாழ்வோ ராஜா இருக்கும் இடத்தில்தான் நானும் என்றான். போகலாம் என்று கதவைத் திறந்துவிட்ட பிறகு சொன்ன சொல் அது, அதனால்தான் அதற்கு அவ்வளவு எடை.

இப்போது உங்கள் ஊருக்கு வாருங்கள். "அப்பா செஞ்சதையெல்லாம் மறந்துட்டீங்களா அண்ணே" என்று மகன் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். "இப்ப வரலைன்னா நீங்க கர்த்தர் பக்கம் இல்லைன்னு அர்த்தம்" என்று உதவிப் போதகர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் சவுலின் பேச்சுதான், குரல் மட்டும் வேறு. "உங்கள் மனசாட்சிப்படி செய்யுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன்" என்று இருவரில் ஒருவரும் சொன்னதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை.

யோனத்தான் எங்கே செத்தான்?

யோனத்தான் அப்பாவை விட்டு நண்பனோடு போனான் என்பது பரவலான நினைப்பு, ஆனால் கதை அப்படிப் போகவில்லை. தாவீதுக்காக அப்பாவிடம் பேசினான், குற்றமில்லாத இரத்தத்துக்கு விரோதமாக ஏன் பாவம் செய்கிறீர் என்று கேட்டான், அந்தத் தடவை சவுல் இறங்கி வந்தான். மறுபடி பேசியபோது ஈட்டி அவன் மேலேயே வந்தது, கோபத்தோடு பந்தியிலிருந்து எழுந்து அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. தாவீதைத் தப்பவைத்தான். சீப் வனாந்தரத்துக் காட்டில் கடைசியாகச் சந்தித்து, நீ ராஜாவாவாய், நான் உனக்கு இரண்டாவதாக இருப்பேன் என்று சொல்லி உடன்படிக்கை பண்ணினான். அதன்பின் தாவீது காட்டிலேயே இருந்தான், யோனத்தான் தன் வீட்டுக்குப் போனான். கில்போவா மலையில் அப்பா செத்த அதே போரில் அவனும் செத்தான். அப்பாவுக்கு முகஸ்துதி செய்யவில்லை, அப்பாவைக் கைவிடவும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தச் சண்டையில் போட்டிக்கு வந்த சிம்மாசனமே யோனத்தானுக்கு வர வேண்டியது, அதை அவன்தான் விட்டுக்கொடுத்தான். உங்கள் சபைச் சண்டையில் எதையாவது விட்டுக்கொடுக்க முன்வந்த ஆள் இதுவரை யாருமில்லை. அதனால் உதவிப் போதகர் தன்னைத் தாவீதாக வைத்துக்கொண்டு உங்களுக்கு யோனத்தான் வேஷம் கட்டினால், கொஞ்சம் பொறுங்கள் ஐயா என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

ஊசாயாக இருக்கலாமா?

ஊசாய் கதை விறுவிறுப்பானது, அதை மறுக்கவில்லை. மலை உச்சியில் கிழிந்த உடையும் தலையில் மண்ணுமாக நின்றவனைத் தாவீது அப்சலோமிடம் திருப்பி அனுப்பினான். அப்சலோமின் ஆலோசகன் அகித்தோப்பேல் 12,000 பேரோடு இன்று இரவே போய் ராஜாவை மட்டும் வெட்டிவிடுகிறேன் என்றபோது, ஊசாய் பேச்சால் காலத்தைக் கடத்தினான். செய்தி கொண்டுபோன இரண்டு இளைஞர்கள் பகூரிமில் ஒரு கிணற்றுக்குள் இறங்கி ஒளிந்தார்கள், அந்த வீட்டுப் பெண் கிணற்றின் வாய் மேல் விரித்து மூடி, அதன் மேல் தானியத்தைப் பரப்பிவிட்டாள். ஒரு ராத்திரி தவறியிருந்தால் ஒரு மனுஷனின் உயிர் போயிருக்கும்.

உங்கள் சபையில் யாருடைய உயிரும் ஆபத்தில் இல்லை. இருப்பது ஒரு பிரசங்க மேடை, ஒரு கட்டடம், ஒரு வங்கிக் கணக்கு. அதோடு, யார் ராஜா என்று ஊசாய்க்குச் சந்தேகமே இல்லை. நீங்களோ, யார் சரி என்றே எனக்குத் தெரியவில்லை என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். தெரியாதபோது ஒருவருக்காக உளவு சொல்வது எப்படிச் சரியாகும்? ஆலோசகராக ஒன்று சொல்கிறேன்: ஒருவர் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக் கைகோத்து ஜெபம் பண்ணிவிட்டு, வெளியே வந்து அங்கே நடந்ததை இன்னொருவருக்குப் போனில் சொல்கிற வாழ்க்கை ஆளை உள்ளே அரித்துவிடும். உங்களுக்கு ஏற்கெனவே தூக்கம் போய்விட்டது, பி.பி. மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை, எனக்கும் சேர்த்து. தாவீது ஓடிப்போகிற களைப்பில், சீபா என்ற வேலைக்காரன் 200 அப்பமும் திராட்சவற்றலும் ஒரு தோல்பை திராட்சரசமும் கொண்டுவந்து, உங்கள் தயவில் வாழ்ந்த என் எஜமான், யோனத்தானின் மகன் மேவிபோசேத் உங்களுக்குத் துரோகம் செய்துவிட்டான் என்றான். தாவீது விசாரிக்காமல் மேவிபோசேத்தின் சொத்து முழுவதையும் சீபாவுக்கே எழுதிக் கொடுத்தான். திரும்பி வந்தபோது மேவிபோசேத் தாடி திருத்தாமல், உடை வெளுக்காமல், ராஜா போன நாளிலிருந்து துக்கத்தில் இருந்த கோலத்தோடு எதிரே வந்து நின்றான். மகன் செய்வதாக நீங்கள் எழுதியதில் பாதி, உதவிப் போதகர் சொல்லி உங்களுக்குத் தெரிந்தது. எனக்கும் உங்கள் ஒரு கடிதம்தான் தெரியும். மினிட்ஸ் பொய் என்பது நீங்களே கண்ணால் கண்டது, அதை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றவற்றை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள்.

செஞ்சோற்றுக் கடன் பற்றி எழுதியிருந்தீர்கள். அது கர்ணன் கதையிலிருந்து நமக்குள் ஊறிப்போன நியாயம், எனக்கும் பிடிக்கும், ஆனால் சாமுவேலின் புத்தகங்களில் அந்த வழியில் போனவன் தாவீதின் படைத்தலைவன் யோவாப். தாவீது யாருடைய மனைவியை அபகரித்தானோ அந்தப் போர்வீரன் உரியாவைக் கடும் போர் நடக்கும் இடத்தில் முன்னால் நிறுத்திவிட்டுப் பின்வாங்குங்கள் என்று தாவீது எழுதினான். அந்தக் கடிதத்தை உரியாவே சுமந்துகொண்டு போனான். யோவாப் பிரித்துப் படித்தான், ஏன் என்று கேட்கவில்லை, செய்து முடித்தான். ராஜா சொன்னார், செய்தேன். அதே அரண்மனையில் நாத்தான் என்ற தீர்க்கதரிசியும் இருந்தான். ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்லி, அந்த மனுஷன் நீரே என்று தாவீதின் முகத்துக்கு நேரே சொன்னான். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியவில்லை, அரண்மனையை விட்டு ஓடவும் இல்லை. கடைசிவரை தாவீதோடு இருந்தவன் அவன்தான், யோவாப் தானாகவே ராஜாவாக முயன்ற தாவீதின் மகன் அதோனியாவின் பக்கம் சாய்ந்துவிட்டான். மூத்த போதகருக்கு நீங்கள் பட்ட கடன் பெரிது. அந்தக் கடனை வசூல் செய்யும் உரிமை மகனுக்கு வாரிசாக வராது.

இப்போது செய்ய வேண்டியவை

முதலில், மூத்தவரைப் போய்ப் பாருங்கள். 1 இராஜாக்கள் முதல் அதிகாரம் அப்படியே உங்கள் நிலைமை: தாவீது படுக்கையில், அதோனியா தானே ராஜா என்று விருந்து வைக்கிறான், ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அப்பா அவனை ஒருநாளும் கேட்டு வருத்தப்படுத்தியதில்லை என்று வேதமே ஒரு வரியில் போட்டு உடைக்கிறது. தாவீதின் மனைவி பத்சேபாளும் நாத்தானும் தாங்களாக எதையும் தீர்மானிக்கவில்லை. படுக்கையறைக்குள் போய், உமக்குப் பின் யார் என்று சொல்லும், எல்லார் கண்ணும் உம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டார்கள். கிழவர் பேசினார். உங்கள் ஐயாவிடமும் யாராவது இதைக் கேட்டாக வேண்டும். மகனுக்குத் தெரிவித்துவிட்டு, இரண்டு தரப்பிலும் சேராத ஒரு மூப்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் சொல்லும் பதிலே சட்டப்படி முடிவாகிவிடாது, அது வேறு விஷயம். ஆனாலும் அவர் மனசு தெரியாமல் அவர் பெயரால் சண்டை நடப்பது நிற்கும்.

மினிட்ஸ் விஷயத்தில் வாய்ப்பேச்சு வேண்டாம். அந்தத் தேதியில் நான் ஊரில் இல்லை, அப்படியொரு கூட்டத்துக்கு எனக்கு அழைப்பும் இல்லை, எனவே கையெழுத்திட இயலாது என்று மூன்று வரியில் கமிட்டிக்குக் கடிதம் கொடுத்து, பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். குற்றச்சாட்டு எதுவும் அதில் வேண்டாம். நாளைக்கு வழக்கு என்று வந்தால் பொய்த் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்ட எல்லோரும்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அப்போது பாஸ்டர் மகன் சொன்னார் என்பது யார் காதிலும் ஏறாது.

கணக்குப் புத்தகங்கள் சபையின் சொத்து, அலுவலக பீரோவை விட்டு அவை நகரக் கூடாது. நீங்கள் எழுதிய பக்கங்களின் நகல் மட்டும் உங்களிடம் இருக்கட்டும். முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலை எங்காவது கிடந்தால் முதல் வேலையாக ரத்து செய்யுங்கள் (எத்தனை சபைகளில் இந்தப் பழக்கம் இருக்கிறது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்). தணிக்கை கேளுங்கள், அது யாரையும் அவமதிப்பது ஆகாது. யோவாஸ் ராஜாவின் நாளில் ஆலயப் பெட்டியில் பணம் நிறைந்ததும் ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தர்) பிரதான ஆசாரியனும் சேர்ந்துதான் எண்ணினார்கள். தீர்க்கதரிசி சாமுவேலே தன் முதிர்வயதில் ஜனங்கள் முன்னால் நின்று, நான் யாருடைய எருதை எடுத்தேன், யாருக்கு இடுக்கண் செய்தேன், சொல்லுங்கள் என்று தன் கணக்கை ஒப்பித்தான்.

சபை 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானதா, டிரஸ்ட்டா என்று பாருங்கள். சங்கம் என்றால் பைலாவும் (சங்கத்தின் விதிகள்) உறுப்பினர் பட்டியலும் பொதுக்குழுவும் இருக்க வேண்டும், தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதும் அதில் இருக்கும். டிரஸ்ட் என்றால் பத்திரம் சொல்வதுதான். அதை எடுத்துக்கொண்டு, இரண்டு தரப்புக்கும் சொந்தமில்லாத ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இதற்கெல்லாம் விலை உண்டு, இல்லையென்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். பொறுப்பிலிருந்து எடுத்துவிடலாம். இரண்டு பக்கமும் உங்களைத் துரோகி என்று சொல்லலாம், நடுவில் நிற்பவனுக்கு அது சகஜம். மகள் கல்யாணத்துக்குச் சபைக் கடிதம் தர மறுப்பார்கள் என்ற உங்கள் பயமும் கற்பனை இல்லை, ஆனால் நீங்கள் வேறு சபையில் சேர்ந்தால், திருமணம் நடத்திவைக்கச் சட்டப்படி அதிகாரம் பெற்ற போதகர் அங்கே இருந்தால் அவரே நடத்திவைக்கலாம், அது ஒன்றுக்காகப் பொய்யில் கையெழுத்துப் போட வேண்டிய அவசியமில்லை.

உங்கள் மனைவி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு அம்மா போகும் சி.எஸ்.ஐ. கோயிலுக்கே போய்விடலாம் என்கிறார். அதைக் கோழைத்தனம் என்று நீங்கள் எழுதியதில் எனக்கு உடன்பாடில்லை. தாவீது அரணான இடத்துக்கு ஏறிப்போனதை யாரும் கோழைத்தனம் என்று சொல்வதில்லையே. ஆனால் வரிசை முக்கியம்: முதலில் கடிதம், அடுத்து மூத்தவரைப் பார்ப்பது, அதன்பின் கணக்கை எழுத்துப்பூர்வமாக ஒப்படைத்து ரசீது வாங்குவது. அதற்குப் பிறகு போவதா இருப்பதா என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். பைலாவோ பத்திரமோ கிடைத்ததும், தலைமைப் பொறுப்பு பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.